மூன்றாவது ஸலாம்

தூண்டில் போட்டிக்கு இடம் குறித்து அடித்த முளைகளில் வலப்பக்கத்ததில் ஆளில்லை என்று சொல்லித்தான் றிம்சானை அங்கே உட்கார வைத்தார்கள். அந்த இடம் சீட்டில் விழுந்த ஆளுடைய மாடு கன்று போடுகிற நேரமாம், அவர் வரவில்லையாம். ஊதல் ஊதி, குளத்தைச் சுற்றி எல்லோரும் தூண்டிலை எறிந்து, கரை அடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த ஆளில்லாத பக்கத்திலிருந்து இரை உருண்டை தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. தொப். நிதானமாக இன்னொன்று. தொப்.

சரி, கன்று சுகமாகப் பிறந்திருக்கும், மனிதர் ஓடி வந்திருப்பார் என்று நினைத்தான் றிம்சான். இரண்டு முளைக்கும் நடுவில் பன்புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. எட்டிப் பார்த்தாலும் அந்தப் பக்கம் தெரியாது. எழும்பிப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. போட்டியை நடத்துகிற இஹ்ஸான், தாடி நரைத்த, தொண்டை கட்டிய மனிதர், தொடக்கத்திலேயே எல்லோரையும் கூட்டி வைத்துக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கதைக்கப்படாது. இடத்த உட்டு எழும்பப்படாது. எழும்பின ஆள் போட்டியில இல்ல. புடிச்ச மீன வலைப்பைக்குள்ள உசிரோட வெச்சிரிங்க, பொழுதுபட மஃரிபுக்கு முந்தி ஊதுவன், நிறுத்துப்போட்டுத் திரும்பக் குளத்துலதான் உடுற. கறிக்கு எண்டு வந்த ஆள் இப்பவே வெளிக்கிடலாம்."

கல்முனைப் பக்கத்திலிருந்து வந்த கடற்கரை ஆட்கள் சிரித்தார்கள். பிடித்த மீனைத் திரும்ப விடுவதற்கும் ஒரு போட்டியா என்று ஒருவர் தலையில் கைவைத்தார். றிம்சானும் சிரித்தான். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்த வாய் அது, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

சவளக்கடைக்கும் அப்பால், வயல் வரம்போடு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேரவேண்டிய குளம். வம்மியடிக் குளம் என்றார்கள். அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. அஸர் தொழுது முடித்த பின்னேரம்தான், ஆனாலும் காலம் தவறி வந்த மேகம் வானத்தை மூடிவிட்டிருந்தது. தண்ணீர் ஆறிப்போன தேத்தண்ணியின் நிறத்தில் அசையாமல் கிடந்தது. சேற்று மணம், அழுகின தாமரைத் தண்டின் மணம், எருமை போன வழியின் மணம். அக்கரையில் யாரோ தும்மினால் இக்கரையில் கேட்கிற அமைதி.

அவனாக விரும்பி வரவில்லை. போன மாரிக்குப் பிறகு தூண்டில் கம்பை அவன் தொட்டதே கிடையாது. மனைவி றுஸ்னாதான் தள்ளிவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, கடையும் ஊடும் எண்டு கிடந்து உருகிப்போறீங்க. காக்கா இருந்திருந்தா இந்தப் போட்டிக்குப் போகாம இரிப்பாரா? அவருட பேரால போய் ரெண்டு மீன் புடிச்சிட்டு வாங்க."

காக்கா என்று அவள் சொன்னது தன் மூத்த சகோதரனை. ஸஹீத். றிம்சானுக்கு மச்சான். போன மாரியில் கோமாரிக் களப்பில் மூழ்கி மௌத்தானவன்.

றிம்சானும் றுஸ்னாவும் இருக்கிற சாய்ந்தமருது வீடு ஸஹீத் கட்டியது. நம்முடைய பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே, பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. வாப்பா இல்லாத குடும்பத்தில் அந்தச் சுமை மூத்தவன் தலையில். கட்டாரில் வெயிலில் வெந்து, தனக்கென்று ஒரு கலியாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, தங்கைக்குக் கல்லும் மண்ணும் சேர்த்தான். அந்த வீட்டு விறாந்தையில் காற்று வாங்குகிறவன் றிம்சான். இதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

மிதப்பு அசைந்தது. ஒரு திலாப்பியா. வலைப்பைக்குள் போட்டான். இன்னொன்று. கை பழைய பழக்கத்துக்குத் திரும்பியது. கொஞ்ச நேரம் நெஞ்சுகூட லேசாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது.

காற்று வலப்பக்கத்திலிருந்து மெதுவாகத் திரும்பியபோது, சேற்று மணத்துக்கு மேலாக, தேங்காய்ப் புண்ணாக்கும் வறுத்த பெருஞ்சீரகமும் கலந்த மணம் பன்புல்லுக்குள்ளால் நுழைந்து அவன் முகத்தில் படிந்தது. இரை உருண்டைக்குப் பெருஞ்சீரகம் வறுத்துப் போடுகிற ஆளை அவன் வாழ்நாளில் ஒருவனைத்தான் கண்டிருக்கிறான். "மீனுக்கும் வாசம் பிடிக்கும் மச்சான், அதுவும் கலியாண ஊட்டுச் சோத்துக்குத்தான் ஓடி வரும்" என்று சொல்லிச் சிரிக்கிறவன்.

யாரும் போடலாம்தானே. பெருஞ்சீரகம் கடையில் விற்கிற சாமான். றிம்சான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கம்பை மடியில் வைத்துவிட்டுப் பன்புல்லையே பார்த்தான்.

தொப், என்று மறுபடியும் ஓர் உருண்டை விழுந்தது. சத்தம் வந்தது, அலை வரவில்லை. பன்புல்லைத் தாண்டி வளையம் வளையமாக வரவேண்டிய அலை ஒன்றுகூட வரவில்லை. அவனுடைய மிதப்பு ஆணி அடித்ததுபோல் நின்றது.

பிறகு, பன்புல்லுக்கு அப்பாலிருந்து, தொண்டையைச் செருமிவிட்டு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, ஒரு குரல்:

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அந்த இழுவை. அந்தச் செருமல். யா அல்லாஹ்.

அவன் பதில் சொல்லவில்லை.

ஸலாம் சொல்வது சுன்னத்து, நபிவழி; பதில் சொல்வது பர்ளு, தட்ட முடியாத கடமை. ஓதப் போன முதல் வாரத்திலேயே பிள்ளைகள் படிப்பது. இன்னொன்றும் படிப்பார்கள். ஒருவருடைய வீட்டு வாசலில் நின்று மூன்று தரம் ஸலாம் சொல்ல வேண்டும், பதில் வந்தால் உள்ளே போகலாம், வராவிட்டால் முகம் சுளிக்காமல் திரும்பிவிட வேண்டும். ஸஹீத் இதில் மகா கண்டிப்பு. தான் கட்டிய வீட்டுக்குள்கூட, தங்கை உள்ளிருந்து பதில் சொல்லாமல் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

அந்தக் கண்டிப்புத்தான் அவனைத் தின்றது.

றிம்சானின் கோபம் என்று பார்த்தால் ஒரு சல்லிக்குப் பெறாது. ஒரு கலியாண வீட்டுச் சஹனில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும்போது, "எங்கிட மச்சான் தூண்டில் போடுற மீனுக்கில்ல, போட்டோவுக்கு. மீன மார்க்கட்டுல வாங்கிருவாரு" என்று ஸஹீத் பகிடி விட்டான். சனம் சிரித்தது. பெண்கள் பக்கம் இந்தக் கதை போய் றுஸ்னாவும் சிரித்தாளாம். றிம்சானுக்குத் தலைக்கேறிவிட்டது. அன்றோடு மச்சானுடன் பேச்சை நிறுத்தினான். ஒரு முஸ்லிம் இன்னொருவனோடு மூன்று நாளுக்கு மேல் கோபம் காக்கக் கூடாது என்று றுஸ்னா எடுத்துச் சொன்னாள். இவன் வாரக்கணக்கில் காத்தான். வீராப்பு!

அந்த நாட்களில்தான் றிம்சான் தூண்டில் போடக் கோமாரிக்குத் தனியாகப் போயிருந்தான். களப்போரத்தில் மீன்காரர் விட்டுப்போன ஓலை வாடியில், இருட்டுப் படுகிற நேரம், லாம்பு கொளுத்தப் போகையில் மணலில் காலடி கேட்டது. ஓலை இடுக்கால் பார்த்தான். ஸஹீத். எப்படியோ விசாரித்துத் தேடி வந்திருக்கிறான், கையில் சாப்பாட்டுப் பார்சல் வேறு. வாடிக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னான். றிம்சான் தீப்பெட்டியை மூடினான். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது ஸலாம். றிம்சான் மூச்சை அடக்கினான். மூன்றாவது ஸலாம் தணிந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில் வந்தது. றிம்சான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருட்டில் இருந்தான், மனதுக்குள் வெற்றி பெற்றவனைப் போல.

ஸஹீத் திரும்பி நடந்தான். வந்த வழியாலேயே, மணல் திட்டோடு.

மழை வெள்ளம் வடியட்டும் என்று அன்று பின்னேரம்தான் களப்பு கடலில் விழுகிற முகத்துவாரத்தை வெட்டி விட்டிருந்தார்கள். திட்டு பொறிந்து பொறிந்து தண்ணீருக்குள் விழுகிற சத்தம் வாடிக்குள் இருந்த றிம்சானுக்கு நன்றாகக் கேட்டது. அந்தப் பக்கம் போகக்கூடாது, தென்னந்தோட்டத்தால் சுற்றித்தான் போகவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை. 'மச்சான், தோட்டத்தால போ.' அவ்வளவுதான். அதைச் சொன்னால் முதலில் பேசினவன் இவனாகிவிடுவானே!

விடிந்து கரைவலைக்காரர் கண்டெடுத்தார்கள். சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களில் இவனும் ஒருவன். அன்று எங்கே இருந்தீர்கள் என்று றுஸ்னா கேட்டபோது, கடையில் சரக்கு இறக்கினோம் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தான். அவளும் நம்பினாள். நம்பிவிட்டு ஒவ்வொரு நாளும் ஒன்றையே கேட்பாள், தேத்தண்ணி ஊற்றும்போது, உடுப்பு மடிக்கும்போது. "காக்கா கடைசியா ஆரோட கதைச்சிரிப்பாரு?"

அவள் அறிந்தாளோ, முடிந்தது. வீடு அவளுடையது, கல் அவளுடைய காக்காவுடையது. சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்க வேண்டியதுதான். அவளை விட்டால் அவனுக்கு உலகத்தில் யாருமில்லை, அதுதான் உண்மை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இரண்டாவது.

இம்முறை கொஞ்சம் கிட்ட. குரலுக்குள் தண்ணீர் கிடந்தது, நிறைந்த குடத்துக்குள் பேசினால் வருமே, அப்படி.

குளத்தில் தவளை நின்றுவிட்டது. கொக்கு இல்லை. காற்றுகூட இல்லை. வலைப்பைக்குள் மீன்கள் துள்ளுவதை விட்டுவிட்டு ஒரே பக்கமாக, இவனுடைய காலடிப் பக்கமாக, ஒதுங்கி நெருக்கிக்கொண்டு கிடந்தன.

அணைக்கட்டில் செருப்புச் சத்தம். றிம்சான் துள்ளி விழுந்தான். இஹ்ஸான்தான், சுற்றி வருகிறார்.

"என்ன தம்பி, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு? காய்ச்சலா?"

"பக்கத்துல... பக்கத்து முளையில ஆரு?"

இஹ்ஸான் மேட்டில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். நன்றாக, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒருத்தருமில்லயே. வராத ஆள்ட இடமெல்லோ அது?"

"ஸலாம் சொல்லிக் கேட்டிச்சி."

"எனக்குக் கேக்கல்ல." அவர் தாடியைத் தடவினார். பகிடியா நிசமா என்று அவன் முகத்தில் தேடினார். "பயமெண்டா எழும்பி வாங்க தம்பி. போட்டி என்ன பெரிய போட்டி. குர்ஸி ஓதிக்கிட்டு வாங்க, மேல வந்து இரிங்க."

றிம்சான் எழும்பியிருக்கலாம். எழும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கால் வரவில்லை. பயத்தால் மட்டுமா? இல்லை. இன்னொரு தரம் அந்தக் குரலுக்கு முதுகைக் காட்ட அவனால் முடியவில்லை.

"இல்ல, இரிக்கன்" என்றான்.

இஹ்ஸானின் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இது அவனுக்குத் தெரியும். மூன்றாவதுக்கும் பதில் வராவிட்டால் ஸஹீத் திரும்பிவிடுவான். உயிரோடு இருந்தாலும் மௌத்தானாலும் அவன் அப்படித்தான். சும்மா இருப்பது ஒரு வேலையா? அன்றைக்குச் சும்மா இருந்தவன்தானே.

அன்றைக்குச் சும்மா இருந்தவன்தானே, என்று நெஞ்சு திருப்பிக் கேட்டது. கண் நிறைந்து மிதப்பு இரண்டாகத் தெரிந்தது. இரவிரவாக, தலையணைக்குள் முகத்தைப் புதைத்து, சொல்லாமல் விட்ட அந்தப் பதிலை எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பான். கேட்பதற்கு ஆளில்லாமல் சொல்லியிருப்பான். இப்போது ஆள் வந்திருக்கிறது.

பன்புல் அசைந்தது. ஈரமான ஏதோ ஒன்று புல்லை விலக்காமல் புல்லோடு உரசி நின்றது. மூச்சு இல்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

தணிந்த குரல். மன்னிப்புக் கேட்கிற குரல். வாடி வாசலில் கேட்ட அதே குரல்.

"வஅலைக்குமுஸ் ஸலாம்" என்று றிம்சான் வெடித்து அழுதான். "வஅலைக்குமுஸ் ஸலாம் மச்சான். வா மச்சான். என்ன மன்னிச்சிரு மச்சான்."

புல்லுக்குள் எழும்புகிற சத்தம், சேற்றிலிருந்து கால் பிடுங்குகிற சத்தம். பிறகு ஈரக் காலடிகள் கரையேறி, அணைக்கட்டோடு, கிழக்கே றோட்டுப் பக்கமாக நடந்தன. அவசரமில்லை. வழி தெரிந்த ஆளின் நடை.

காற்று வந்தது. தவளை கத்தியது. மீன்கள் வலைப்பைக்குள் துள்ளின. றிம்சான் உடுத்தியிருந்த சாரத்து முனையால் முகத்தைத் துடைத்தான். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப்போட்டதுபோல் இருந்தது. முடிந்தது. பர்ளு நிறைவேறிவிட்டது. மச்சான் மன்னித்துவிட்டான். இனி றுஸ்னாவிடம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிடலாம், அழுவாள், அடிப்பாள், அடிக்கட்டும்.

ஊதல் ஊதினார்கள். அவன் நிறுக்க நிற்கவில்லை. மீனைக் குளத்தில் கொட்டிவிட்டு, மஃரிபைச் சவளக்கடைப் பள்ளியில் தொழுதுவிட்டு, வாசலில் நின்றே போன் எடுத்தான்.

"றுஸ்னா, நான் வந்துக்கிட்டிரிக்கன். உனக்கிட்ட ஒரு கத சொல்லணும் புள்ள."

அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக ஏதோ சத்தம்.

"ஓம்" என்றாள் றுஸ்னா. "வாங்க. நாங்க பாத்துக்கிட்டு இரிக்கம்."

நாங்க?

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உம்மாவும் இல்லை. நாங்கள் என்று சொல்ல அந்த வீட்டில் இன்னொரு ஆள் இல்லை.

கிட்டங்கிப் பாலத்தை எப்படித் தாண்டினான், கல்முனை எப்படிப் பின்னால் போனது, எதுவும் நினைவில்லை. றோட்டின் ஓரமாக, லைட் வெளிச்சத்தில், ஈரத் தடம். குளத்திலிருந்து ஒரே கோடாக. அவன் பார்க்காமல் ஓட்டினான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. றோட்டை விட்டு அவனுடைய ஒழுங்கைக்குள் திரும்பியது. அவனுடைய வீட்டுப் படியில் ஏறியது. இறங்கின தடம் இல்லை.

கதவு திறந்து கிடந்தது.

உள்ளே லைட் எரிந்தது. மண்டபத்து நடுவில் கதிரை. கதிரையில் ஓர் ஆள், இவனுக்கு முதுகு காட்டி. றுஸ்னா பின்னால் நின்று துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்தது. துவாயை வாளிக்குள் பிழிந்தாள். மறுபடி துவட்டினாள். தண்ணீர். பிழிந்தாள். வாளி நிறைந்து தரையில் ஓடியது. உப்பு மணம்.

அவள் நிமிர்ந்தாள். அழவில்லை.

"காக்கா எல்லாம் சொன்னாரு" என்றாள். "மூணு தரம் சொன்னாராமே. நீங்க உள்ளதான் இருந்தீங்களாமே."

றிம்சான் வாசற்படியில் நின்றான். உள்ளே போகவேண்டும். அவளுடைய காலில் விழவேண்டும். அவன் அறியாமலே வாய் திறந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

றுஸ்னா துவாயைப் பிழிந்தாள்.

"றுஸ்னா. அஸ்ஸலாமு அலைக்கும்."

அவள் அவனையே பார்த்தாள். உதடு அசையவில்லை. கதிரையில் இருந்த ஆளின் கழுத்து மட்டும், மெல்ல, இந்தப் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.

"அஸ்ஸலாமு..." குரல் உடைந்தது. "அலைக்கும்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை.

றிம்சான் திரும்பினான். ஒழுங்கை இல்லை. எதிர்வீட்டு மதில் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, ஒரு விளக்கு இல்லை. படிக்குக் கீழே கருப்புத் தண்ணீர், கண்ணுக்கெட்டும் தூரம் வரை. எங்கேயோ மணல் பொறிந்து விழுந்துகொண்டிருந்தது.

அவன் சாரத்தைத் தூக்கிக் கட்டினான். முழங்கால் அளவுதான் இருக்கும் என்று நினைத்துக் காலை வைத்தான்.